வீடியோ எடிட்டிங்: புதிய பதிப்பு வருகிறது, யெஸ் அழுத்தலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே எல்லாரும் இதைச் சந்தித்திருப்போம். ஏதோ வேலையில் மூழ்கி இருப்போம். திடீரென திரையின் நடுவில் ஒரு சிறிய விண்டோ வந்து நிற்கும். "புதிய பதிப்பு தயார். இப்போதே இன்ஸ்டால் செய்திடலாமா?" என்று கேட்கும். யெஸ், நோ என இரண்டு பட்டன்கள். புதியது என்றால் நல்லதாகத்தானே இருக்கும் என்று பெரும்பாலானவர்கள் யெஸ் அழுத்திவிடுவோம்.

மற்ற புரோகிராம்களில் இதனால் பெரிய தொல்லை வருவதில்லை. ஆனால் வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. ஏன் என்பதை ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில் நேரில் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு, புதிய பதிப்புகள் தரும் வசதிகளில் நமக்கு எது பயன்படும், எப்போது மாறலாம் என்று பார்ப்போம்.

ஆரணியில் ஒரு வீடு

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஊர் ஆரணி. அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் தறிச் சத்தம் கேட்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

நண்பர் ஒருவர் அழைத்துச் சென்ற வீட்டில் இரண்டு கைத்தறிகள். அப்பா நெய்கிறார். மகள் கல்லூரி முடித்தவர். தம்பியின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் அவரே வீடியோ எடிட்டிங் கற்றுக் கொண்டார். தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சேலையையும் போனில் படம் எடுத்து, உடல், கரை, முந்தி என்று தனித்தனியே வெட்டி ஒட்டி, ஒரு நிமிட வீடியோவாக்கி வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ் அப்பில் அனுப்புகிறார். இடைத்தரகர் இல்லாமல் மாதம் சில சேலைகள் இப்படியே விற்கின்றன.

ஆவணி முகூர்த்தங்களுக்காகப் பன்னிரண்டு சேலைகளுக்கான வீடியோவை மூன்று நாள் மாலை நேரங்களில் தயாரித்துக் கொண்டிருந்தார். அப்போது தான் அந்த விண்டோ வந்தது. யெஸ் அழுத்தினார். புதிய பதிப்பு நன்றாகவே ஓடியது. வேலையை அதே பெயரில் சேவ் செய்து, பென் டிரைவில் எடுத்துக் கொண்டு, இன்டர்நெட் வேகமாக உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போனார். அங்கிருந்த லேப்டாப்பில் அதே சாப்ட்வேரின் பழைய பதிப்பு. பைல் திறக்க மறுத்துவிட்டது. பழைய காப்பியும் கையில் இல்லை. மறுநாள் அனுப்புவதாகச் சொல்லியிருந்த வாடிக்கையாளர்களில் இருவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள்.

அது எந்த சாப்ட்வேர் என்பது இங்கே முக்கியமல்ல. அநேகமாக எல்லா எடிட்டிங் சாப்ட்வேரிலும் இது நடக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒரே வரியில் சொன்னார்: "பாவு ஏத்தின பிறகு பாதியில அச்ச மாத்துவாங்களா தம்பி?"

ப்ராஜெக்ட் பைல் என்பது என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் இதைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். எடிட்டிங் சாப்ட்வேரில் சேவ் செய்தால் கிடைப்பது வீடியோ அல்ல. அது ஒரு குறிப்புப் பட்டியல். "இந்த போல்டரில் உள்ள இந்த வீடியோவை 4 ஆவது விநாடியிலிருந்து 9 ஆவது விநாடி வரை காட்டு, பிறகு அந்த வீடியோவுக்குப் போ, மேலே இந்த எழுத்தைப் போடு" என்பது போன்ற கட்டளைகள் தான் அதில் இருக்கும். இதுவே ப்ராஜெக்ட் பைல். அதனால் தான் அதன் அளவு மிகச் சிறியதாக உள்ளது.

புதிய பதிப்பில் புதிய கட்டளைகள் சேர்கின்றன. பழைய பதிப்புக்கு அவை புரியாது. பழைய ப்ராஜெக்டைப் புதிய பதிப்பு பொதுவாகத் திறக்கும். புதியதில் சேவ் செய்ததைப் பழையது திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் பயணம் ஒரு வழிப் பாதை என்று நினைவில் வையுங்கள்.

மூவி மேக்கர் தந்த பாடம்

நம்மில் பலர் முதலில் தொட்ட எடிட்டிங் சாப்ட்வேர் விண்டோஸ் மூவி மேக்கர். 2000 ஆம் ஆண்டில் விண்டோஸ் மில்லெனியம் பதிப்புடன் வந்தது. 2002 இல் வந்த இரண்டாம் பதிப்பு, எக்ஸ்பி வைத்திருந்தவர்களின் வீடுகளில் பிறந்த நாள் விழாக்களையும் காதணி விழாக்களையும் படமாக்கித் தந்தது. பின்னர் அதன் வடிவமே மாறி, 2012 ஆம் ஆண்டுத் தொகுப்புடன் வளர்ச்சி நின்றது. 2017 ஜனவரி 10 அன்று மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை முடித்துக் கொண்டது. இப்போது விண்டோஸ் 11 உடன் கிடைப்பது கிளிப்சாம்ப். இதனை உருவாக்கிய ஆஸ்திரேலிய நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2021 இல் வாங்கியது.

மூவி மேக்கர் ப்ராஜெக்ட் பைல்களை மட்டும் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு இன்று அவற்றால் அதிகப் பயன் இல்லை. முடித்த வீடியோவையும் மூல வீடியோக்களையும் வைத்திருந்தவர்களுக்குக் கவலையே இல்லை. சாப்ட்வேர் வரும், போகும். நீங்கள் எடுத்த படம் தான் நிலையானது.

அடுத்த பதிப்பு எப்போது வரும்?

எடுத்துக்காட்டாகக் கேடென்லைவ் என்ற சாப்ட்வேரைப் பார்ப்போம். இது இலவசமாகக் கிடைக்கிறது. திறந்த மூல நிரல் கொண்டது. ஜேசன் வுட் என்பவர் 2002 இல் தொடங்கிய இதனை இப்போது கேடிஇ குழுவினர் வளர்த்து வருகின்றனர். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். முடித்த வீடியோவின் மூலையில் விளம்பர முத்திரை எதுவும் விழாது.

இதன் பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரிந்து கொள்ளுங்கள். 25.04 என்றால் 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் என்று பொருள். வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை பெரிய பதிப்பு வரும். ஆகவே எந்த மாதம் பார்த்தாலும் "அடுத்த பதிப்பு" நான்கு மாத தூரத்துக்குள் தான் இருக்கும். பெரிய பதிப்புக்குப் பின் 25.04.1, 25.04.2 எனச் சிறு பதிப்புகள் வரும். இவற்றில் பெரும்பாலும் பிழைத் திருத்தங்கள் மட்டுமே இருக்கும்.

இதிலிருந்து ஒரு எளிய வழி கிடைக்கிறது. கடைசியில் .1 அல்லது .2 வரும் வரை காத்திருங்கள். முதல் நாளே மாறியவர்கள் கண்டுபிடித்த பிழைகள் அதற்குள் பெரும்பாலும் சரி செய்யப்பட்டிருக்கும்.

கேடென்லைவ் குழு இன்னொன்றையும் செய்கிறது. ப்ராஜெக்ட் பைல் அமைப்பு மாறும்போது அதை வெளிப்படையாக அறிவித்துவிடுகிறது. 20.08 பதிப்பிலும், 23.04 பதிப்பிலும் அப்படி மாறியது. அவற்றில் சேவ் செய்தவற்றை முந்தைய பதிப்புகளில் திறக்க முடியாது என்று முன்பே சொன்னார்கள். புதிய பதிப்பின் அறிவிப்பில் வசதிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், இப்படி ஒரு எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

வசதிகள்: எது நமக்கு?

புதிய பதிப்பின் அறிவிப்பில் இருபது, முப்பது வசதிகள் வரிசையாக இருக்கும். அத்தனையும் நமக்குத் தேவைப்படாது. கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் பார்ப்போம். ஆரணி வீட்டின் சேலை வீடியோவையே உரைகல்லாக வைத்துக் கொள்வோம்.

1. ப்ராக்ஸியும் பிரிவியூ அளவும்: இன்றைய போன்கள் 4கே அளவில் படம் எடுக்கின்றன. சாதாரணக் கம்ப்யூட்டரில் அதை ஓட்டினால் திக்கித் திணறும். உடனே புதுக் கம்ப்யூட்டர் வாங்கத் தேவையில்லை. ப்ராக்ஸி வசதியை இயக்கினால், ஒவ்வொரு வீடியோவுக்கும் எடை குறைந்த நகல் ஒன்றை சாப்ட்வேரே தயாரித்துக் கொள்ளும். நீங்கள் வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில் நடக்கும். இறுதி வீடியோ தயாராகும்போது மூல வீடியோ பயன்படுத்தப்படும். தரம் குறையாது. 20.04 பதிப்பில் பார்வைத் திரையின் அளவை மட்டும் குறைத்துக் கொள்ளும் வசதியும் வந்தது. குறைந்த ராம் உள்ளவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டையும் தான்.

2. பேச்சைக் கேட்டு எழுதுதல்: 20.12 பதிப்பில் திரைக்குக் கீழே வரிகள் சேர்க்கும் வசதியும், 21.04 இல் பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் வசதியும் வந்தன. 23.04 இல் ஓபன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் இணைக்கப்பட்டது. விஸ்பருக்குத் தமிழ் தெரியும். ஒருமுறை டவுன்லோட் செய்துவிட்டால் பிறகு இன்டர்நெட் இல்லாமலேயே உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கும்.

ஆனால் எச்சரிக்கை தேவை. விஸ்பர் பல அளவுகளில் கிடைக்கிறது. சிறியது வேகமாக இயங்கும், தமிழில் நிறையத் தவறும். பெரியது நன்றாக எழுதும், ஆனால் டவுன்லோட் அளவு கிட்டத்தட்ட 3 ஜிபி. நல்ல கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். "கோர்வை", "பேட்டு", "ஊடை" போன்ற தொழில் சொற்களையும் வட்டாரப் பேச்சையும் எந்த அளவும் சரியாகப் பிடிக்கும் என எதிர்பார்க்காதீர்கள். எழுதியதை ஒருமுறை படித்துத் திருத்தாமல் வெளியிட வேண்டாம். விலையைச் சொல்லும் இடத்தில் ஓர் இலக்கம் தவறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நிமிட வீடியோவுக்கு நான்கு வரிகளைக் கையால் டைப் செய்வதே சுலபம். எழுத்துரு மட்டும் நிர்மலா, லதா, நோட்டோ போன்ற யூனிகோட் எழுத்துருவாக இருக்கட்டும். பழைய முறை எழுத்துருக்களில் டைப் செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ப்ராஜெக்டைத் திறக்கும்போது புரியாத குறிகள் தான் வரும்.

3. பின்னணி நீக்கம்: 25.04 பதிப்பில் செயற்கை நுண்ணறிவு கொண்டு பின்னணியை நீக்கும் வசதி வந்தது. பொருளின் மீது கிளிக் செய்தால் அதை மட்டும் பிரித்தெடுக்கும். விளம்பரத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இதற்குத் தனியாகப் பல கோப்புகளை டவுன்லோட் செய்ய வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் மிக மெதுவாக ஓடும். முந்தியின் குஞ்சம் போன்ற மெல்லிய நூல்களின் ஓரம் சரியாக வெட்டப்படுமா என்பதும் சந்தேகமே. இதை விடச் சேலைக்குப் பின்னால் ஒரு வெளிர் சாம்பல் நிறத் துணியைக் கட்டித் தொங்கவிட்டால் வேலை முடிந்தது.

4. ஒன்றுக்குள் ஒன்று: 23.04 இல் வந்த இந்த வசதியில், ஒரு முழு எடிட்டிங்கையே ஒரு துண்டாக இன்னொன்றுக்குள் வைக்கலாம். பன்னிரண்டு சேலைகளுக்கும் பன்னிரண்டு சிறு தொகுப்பு செய்து, அவற்றை ஒரே நீள வீடியோவாகக் கோர்க்கலாம். ஒரு சேலை விற்றுவிட்டால் அதை மட்டும் எடுத்துவிடலாம். வியாபாரம் செய்பவர்களுக்கு உண்மையிலேயே உதவும் வசதி இது. கேடென்லைவ் வளர்ச்சிப் பணிகளுக்காக 2022 இல் பயனாளர்களிடம் நிதி திரட்டினார்கள்.

புதிய பதிப்பு தராத ஒன்று

ஆரணி வீட்டில் நான் கேட்ட இரண்டாவது கதை இதை விடப் பெரியது. ஒருமுறை ஒரு சேலை திரும்பி வந்துவிட்டது. "வீடியோவில் கத்திரிப்பூ நிறம், பார்சலில் அரக்கு" என்றாராம் வாங்கியவர். இருவர் மீதும் தவறில்லை. நிறத்தை மாற்றியது போன்.

பட்டில் பல சேலைகளுக்குப் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். அசைத்தால் ஒரு நிறம் மறைந்து மற்றொன்று எட்டிப் பார்க்கும். போதாததற்கு ஜரிகையின் பளபளப்பு. போன் கேமரா ஒவ்வொரு விநாடியும் வெளிச்சத்தைக் கணித்து நிறத்தைத் தானாக மாற்றிக் கொண்டே இருக்கும். டியூப் லைட், ஜன்னல் வெளிச்சம் இரண்டும் கலந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்குத் தீர்வு அடுத்த பதிப்பில் வரப்போவதில்லை. ஏற்கனவே உள்ள பதிப்பிலேயே இருக்கிறது. கீழ்க்கண்டவாறு செய்து பாருங்கள்.

முதலில், ஒரே வகை வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் என்றால் விளக்குகளை அணைத்துவிடுங்கள். போனில் உள்ள அழகூட்டும் வசதிகளை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவதாக, வீடியோவின் முதல் இரண்டு விநாடிகளுக்குச் சேலை மீது ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுங்கள். பிறகு எடிட்டிங்கில் ஒயிட் பேலன்ஸ் என்ற எபெக்டைச் சேர்த்து, அதில் உள்ள நிறம் எடுக்கும் கருவியால் அந்த வெள்ளைத் தாளின் மீது கிளிக் செய்திடவும். தாள் வெள்ளையாக மாறும்போது சேலையும் தன் நிறத்துக்கு வந்துவிடும். தாள் தெரியும் இரண்டு விநாடிகளைக் கடைசியில் வெட்டிவிடலாம்.

மூன்றாவதாக, விண்டோஸில் நைட் லைட் வசதி இயக்கப்பட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அது திரை முழுவதையும் மஞ்சளாக்கும். மஞ்சள் திரையைப் பார்த்து நிறத்தைத் திருத்தினால் எல்லாமே தவறாகும்.

நான்காவதாக, பொடிக் கட்டம் போட்ட சேலையைத் தூரத்திலிருந்து எடுக்காதீர்கள். வீடியோவின் அளவைக் குறைக்கும்போது கட்டங்கள் அலை அலையாக நெளியும். அருகில் சென்று திரை நிறைய எடுங்கள்.

கடைசியாக, வாட்ஸ் அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023 முதல் எச்டி தரத்தில் அனுப்பும் வசதி உண்டு. எந்தச் சுருக்கமும் வேண்டாம் என்றால் டாக்குமெண்ட் ஆக இணைத்து அனுப்புங்கள்.

இத்தனைக்கும் பிறகும், பாவு நிறம் என்ன, ஊடை நிறம் என்ன என்பதை எழுத்திலும் சொல்லிவிடுவது நல்லது. வாங்குபவரின் போன் திரை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதே!

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

மாறும் முன் இதையும் பாருங்கள். கேடென்லைவ் குழுவின் பரிந்துரைப்படி, சாதாரணத் தர வீடியோவுக்குக் குறைந்தது 4 ஜிபி ராம், எச்டி வீடியோவுக்கு 8 ஜிபி, 4கே வீடியோவுக்கு 16 ஜிபி தேவை. ஹார்ட் டிஸ்க்கில் இடமும் வேண்டும். ப்ராக்ஸி நகல்கள் இடம் பிடிப்பவை. வேலை முடிந்ததும் அவற்றை அழித்துவிடலாம். வேண்டும்போது மறுபடி உருவாக்கிக் கொள்ளலாம்.

மாறுவது எப்படி?

1. கையில் இருக்கும் வேலையை முடித்து, இறுதி வீடியோவை எம்பி4 பைலாக எடுத்துவிடுங்கள். பாதி வேலையில் மாற வேண்டாம்.

2. ஆர்க்கைவ் ப்ராஜெக்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். ப்ராஜெக்ட் பைலையும் அதில் பயன்பட்ட எல்லா வீடியோக்களையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தரும். அதை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து வைத்திடவும்.

3. பழைய பதிப்பை நீக்காமல் புதியதைச் சோதியுங்கள். கேடென்லைவில் இன்ஸ்டால் செய்யாமலேயே இயக்கக் கூடிய தனிப் பதிப்பு விண்டோஸுக்குக் கிடைக்கிறது. லினக்ஸில் ஆப்இமேஜ் என்ற ஒரே பைல் போதும்.

4. புதிய பதிப்பில் பழைய ப்ராஜெக்டின் நகலைத் திறந்து, உடனே வேறு பெயரில் சேவ் செய்திடவும். பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

5. இரண்டு கம்ப்யூட்டரில் மாறி மாறி வேலை செய்பவர்கள் இரண்டிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். அல்லது இரண்டிலும் மாற்றாதீர்கள்.

6. தானாக அப்டேட் ஆகும் சாப்ட்வேர் என்றால், அதன் செட்டிங்ஸ் பகுதியில் "கேட்ட பிறகு மட்டும்" என்பது போன்ற தேர்வு இருக்கிறதா எனப் பாருங்கள்.

அடுத்த முறை அந்தச் சிறிய விண்டோ எழுந்து நிற்கும்போது, மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். இப்போது செய்யும் வேலை முடிந்துவிட்டதா? இதில் வரும் வசதிகளில் ஒன்றாவது என் வீடியோவுக்குத் தேவையா? பழையதற்குத் திரும்ப வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக யெஸ் அழுத்துங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் நோ அழுத்துங்கள். ஒன்றும் கெட்டுப் போகாது. புதிய பதிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

ஆரணி வீட்டுப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறார். முகூர்த்த மாதங்களில் எதையும் மாற்றுவதில்லை. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதத்தில் புதியதைப் பழையதன் பக்கத்திலேயே வைத்து ஓட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் மறக்காமல் வெள்ளைத் தாளை வைக்கிறார். அதன் பிறகு நிறம் மாறியது என்று ஒரு சேலை கூடத் திரும்பி வரவில்லையாம். நீங்களும் இன்றே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து முயன்று பாருங்கள்.